பிராங்கன்மூத் செயின்ட் லோரன்ஸ் சபை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டெட்ராய்ட் பக்கம் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் பிராங்கன்மூத்துக்கு அழைத்துப் போவது எங்கள் வீட்டு வழக்கம்; ஒன்றரை மணி நேர ஓட்டம். கிறிஸ்துமஸ் கடையைச் சுற்றிவிட்டு, சிக்கன் விருந்து சாப்பிட்டுவிட்டு, கடைசியில் செயின்ட் லோரன்ஸ் ஆலயத்துக்குப் போவோம். அங்கே நின்றதும் எல்லோரும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பிராங்கன்மூத்னா என்ன அர்த்தம்? அது ஊர்ப் பேரா, சபைப் பேரா?

ஊர்ப் பெயர். அமெரிக்காவின் மிசிகன் மாநிலத்தில், சாகினா மாவட்டத்தில், காஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஜெர்மனியின் பவேரியாவில் பிராங்கன் என்றொரு பகுதி உண்டு. குடியேறியவர்கள் அங்கிருந்து வந்தவர்கள். ‘மூட்’ என்றால் ஜெர்மன் மொழியில் தைரியம். ஆக, ‘பிராங்கன்காரர்களின் தைரியம்’. சபையின் பெயர் செயின்ட் லோரன்ஸ்; மார்ட்டின் லுத்தர் வழிவந்த லுத்தரன் கிறிஸ்தவர்களின் சபை.

அடுத்தடுத்து அக்கம்பக்கத்தில் மூன்று குடியேற்றங்கள் வந்தன. 1847-இல் பிராங்கன்ட்ரோஸ்ட் (ஆறுதல்), 1848-இல் பிராங்கன்லுஸ்ட் (மகிழ்ச்சி), 1850-இல் பிராங்கன்ஹில்ஃப் (உதவி). கடைசி ஊரின் இன்றைய பெயர் ரிச்வில்.

இவங்க பஞ்சம் பிழைக்க வந்தவங்களா, இல்ல மதத் துன்பத்துக்குத் தப்பி வந்தவங்களா?

இரண்டும் முதற்காரணம் இல்லை. மதத்துக்காக ஓடிவந்த லுத்தரன்கள் வேறு உண்டு. பிரஷ்யா அரசன் லுத்தரன் சபையையும் சீர்திருத்த சபையையும் ஒன்றாக்கியபோது அதை ஏற்காதவர்கள் 1838-இல் தென் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். சாக்ஸனியிலிருந்து ஒரு கூட்டம் 1839-இல் மிசௌரி மாநிலத்துக்கு வந்தது. பிராங்கன்மூத்காரர்கள் மேல் அப்படிப்பட்ட நெருக்கடி இல்லை.

அவர்களை அனுப்பியவர் வில்ஹெல்ம் லோஹே, நோயெண்டெட்டெல்சாவ் என்ற கிராமத்துப் போதகர். அமெரிக்கக் காடுகளில் போதகர் இல்லாமல் தவிக்கும் ஜெர்மானியரைப் பற்றி பிரீட்ரிக் வைனெக்கன் எழுதிய வேண்டுகோள் அவரை உலுக்கியது. முதலில் 1842-இல் இரண்டு பேரைப் பயிற்சி கொடுத்து அனுப்பினார். அப்புறம் அவருக்கு இன்னொரு யோசனை வந்தது. தனி மிஷனெரியாகப் போய்ப் பிரசங்கம் செய்வதைவிட, ஒரு சபையே குடும்பங்களோடு பழங்குடி மக்கள் அருகில் போய் வாழட்டும். அந்த வாழ்க்கையைப் பார்த்து அவர்கள் கிறிஸ்துவை அறியட்டும் என்று நினைத்தார். அந்த யோசனைதான் பிராங்கன்மூத். சொந்த நிலம் கிடைக்கும் என்ற ஆசையும் வந்தவர்களுக்கு இருந்திருக்கும்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

லோஹே ஐயர் எப்போ அமெரிக்கா வந்தார்?

வரவே இல்லை. தன் கிராமத்தை விட்டு நகராமலே இத்தனையும் செய்தார். கூட்டத்தை நடத்தி வந்தவர் பிரீட்ரிக் அகஸ்ட் கிரேமர். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டோ முப்பத்துமூன்றோ. இங்கிலாந்தில் ஆசிரியராக இருந்தவர் என்பதால் ஆங்கிலம் நன்றாகத் தெரியும். கிளம்புவதற்குச் சற்று முன்புதான், 1845 ஏப்ரலில், குருப்பட்டம் பெற்றார்.

கப்பல்லயே கல்யாணம் நடந்துச்சாமே, நிஜமா?

நிஜம். இதைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் காரணம் வேதனையானது. அன்றைய பவேரியாவில் ஏழைகள் நினைத்தபடி திருமணம் செய்துகொள்ள முடியாது. குடும்பத்தைக் காப்பாற்றும் அளவுக்குச் சொத்தோ தொழிலோ இருக்கிறது என்று காட்டி அனுமதி வாங்க வேண்டும். இளைய மகன்களுக்கும் பண்ணை வேலையாட்களுக்கும் அது எட்டாக்கனி. அதனால் நிச்சயம் செய்துகொண்டு, பவேரிய எல்லையைத் தாண்டிய பிறகு, கப்பலில் சில ஜோடிகள் கிரேமர் முன்னிலையில் மணமுடித்தார்கள்.

கிரேமருக்கும் அந்தப் பயணத்தில்தான் துணை அமைந்தது. கப்பலில் சந்தித்த டொரோத்தேயாவை நியூயார்க்கில் இறங்கியதும் மணந்தார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறது.

பயணம் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?

1845 ஏப்ரல் 20 அன்று பிரேமர்ஹாவனில் ‘கரோலின்’ என்ற பாய்மரக் கப்பலில் ஏறினார்கள். சுமார் 15 பேர், பெரும்பாலும் இளவயது விவசாயிகள். கப்பல் கடலைத் தொடுவதற்கு முன்பே, குடிபோதையில் இருந்த கப்பல் தலைவன் வேசர் ஆற்று மணல் திட்டில் அதை ஏற்றிவிட்டான். பிறகு எதிர்க்காற்று. இங்கிலீஷ் கால்வாய் வழியாகப் போக வேண்டிய கப்பல் ஸ்காட்லாந்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. வடக்கே தள்ளப்பட்டுப் பனிப்பாறைகளுக்கும் மூடுபனிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஓர் இரவு ஒரு மீன்பிடிக் கப்பலோடு மோதியது. உணவு கெட்டுப்போனது. கடைசி நாட்களில் அம்மை பரவியது. ஒரு குழந்தை இறந்தது. ஜூன் 8 அன்று நியூயார்க் வந்து சேர்ந்தபோது கடலில் 50 நாள் ஆகியிருந்தது.

இதோடு முடியவில்லை. நியூயார்க்கிலிருந்து நீராவிப் படகு, ரயில், மறுபடியும் படகு. அந்த ரயிலும் ஒரு நிலக்கரி ரயிலோடு மோதிற்று. நல்லவேளை, சிறு காயங்களோடு போயிற்று. ஹூரோன் ஏரியில் ஒரு வாரம் பாய்க்கப்பல். பிறகு சாகினா ஆற்றில் சுமார் 15 மைல் தூரம் அந்தக் கப்பலைக் கயிறு கட்டி இழுத்தே கொண்டுபோனார்கள். இடம் பார்த்து முடிவு செய்யும்வரை சாகினாவில் தங்கிவிட்டு, மாட்டு வண்டியில் சாமான்களை ஏற்றி, சதுப்பும் புதருமாக 12 மைல் நடந்தார்கள். ஆகஸ்ட் 18 அன்று ஒரு சிறு மேட்டில் வந்து நின்றார்கள். நம்மூர்க் கணக்கில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். ஆனால் வழி என்று ஒன்று இல்லாத காட்டில், ஆகஸ்ட் மாதக் கொசுவில், அந்த நடையை எண்ணிப் பாருங்கள்.

அந்த நிலம் யாருடையது? சும்மா பிடிச்சுக்கிட்டாங்களா?

காசு கொடுத்து வாங்கினார்கள். 680 ஏக்கர், ஏக்கர் இரண்டரை டாலர், மொத்தம் 1,700 டாலர். அரசு நிலத்தின் வழக்கமான குறைந்தபட்ச விலை அப்போது ஒன்றேகால் டாலர். இவர்கள் வாங்கியது பழங்குடி ஒதுக்கீட்டு நிலமாக இருந்தது, இரட்டிப்பு விலை.

ஆனால் பணம் போனது அமெரிக்க அரசிடம். நிலம் ஒஜிப்வே மக்களுடையது; சிப்பிவா என்றும் சொல்வார்கள். 1819-இல் சாகினா ஒப்பந்தத்தில் மிசிகனின் நடுப்பகுதியில் ஒரு பெரிய நிலப்பரப்பைக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டிய நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டார்கள். மீதியிருந்த ஒதுக்கீட்டு நிலங்களும் 1837-இல் கைவிட்டுப் போயின. அந்த 1819 ஒப்பந்தத்தை நடத்தியவர் ஆளுநர் லூயிஸ் காஸ். ஊர் நடுவே ஓடும் ஆற்றுக்கு இருப்பது அவருடைய பெயர்தான். ஆற்றங்கரையில் படம் எடுக்கும்போது இதை நான் எப்போதும் சொல்வேன்.

வெறும் பதினஞ்சு பேரை வச்சு ஒரு சபையா?

ஆமாம், அதுவும் ஒரு மரம் வெட்டுவதற்கு முன்பே. ஜெர்மனியிலிருந்து கிளம்பும்போதே அவர்கள் ஒரு சபையாகிவிட்டார்கள். என்ன விசுவாசிக்கிறோம், எப்படி ஆராதிக்கிறோம், என்ன மொழியில் ஆராதிக்கிறோம் என்று எழுதிய சபை ஒழுங்கு கையில் இருந்தது. அதை ஒத்துக்கொண்டவர்களே கப்பல் ஏறினார்கள். நம் பக்கத்தில் ஊர் இருக்கும், ஜனம் சேரும், பிறகு சபை வரும். இங்கே சபை முதலில், ஊர் பிறகு. இந்தச் சபையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

மறு வருடம், 1846-இல், சுமார் 90 பேர் இரண்டாவது கூட்டமாக வந்தார்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று மரக்கட்டை ஆலயம் பிரதிஷ்டை ஆயிற்று. 1852-இல் சற்றுப் பெரிய மர ஆலயம். இன்று நிற்கும் செங்கல் ஆலயம் 1880-ஆம் ஆண்டுடையது. முதல் ஆலயத்தின் மாதிரி ஒன்றை வளாகத்திலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். தச்சு வேலை தெரிந்தவர்கள் அதன் மூலைகளைப் பார்க்க வேண்டும். ஒரு கட்டையில் வெட்டிய பள்ளத்தில் மறு கட்டை போய் உட்கார்ந்திருக்கும்.

செயின்ட் லோரன்ஸ் யாரு? லுத்தரன்களுக்கு எதுக்குப் புனிதர் பேரு?

லோரன்ஸ் என்பது லாரன்ஸ் என்ற பெயரின் ஜெர்மன் வடிவம். லாரன்ஸ் கி.பி. 258-இல் ரோமாபுரியில் இரத்தசாட்சியாக மரித்த திருத்தொண்டர். லுத்தரன்கள் புனிதர்களிடம் ஜெபிப்பதில்லை. ஆனால் அவர்களை மறப்பதும் இல்லை. குடியேறியவர்களில் பலர் ரோஸ்டால் வட்டாரத்தவர். அந்த ஊர் ஆலயமும் லாரன்ஸ் பெயரில்தான் இருக்கிறது, நூரம்பெர்க் நகரின் பெரிய ஆலயமும் அப்படித்தான்.

ஆலயம் ஏன் ஊர் நடுவில இல்லாம ஒரு ஓரமா இருக்கு?

நல்ல கவனிப்பு. லோஹே மனதில் இருந்தது ஜெர்மன் கிராமம்: நடுவில் ஆலயம், சுற்றி வீடுகள், அதற்கு வெளியே வயல். ஆனால் மிசிகனில் அவரவர் வாங்கிய நிலத்திலேயே வீடு கட்டிக்கொள்வதுதான் வசதி. காடு திருத்துகிறவன் மாடு கன்றை விட்டுவிட்டுத் தூரத்தில் குடியிருக்க முடியாது. கொஞ்ச காலத்தில் ஹூபிங்கர் சகோதரர்கள் காஸ் ஆற்றில் அணை கட்டி மாவு ஆலை வைத்தார்கள். ஆலையைச் சுற்றிக் கடைத்தெரு வளர்ந்தது. ஆலயம் இருந்த இடத்திலேயே மேற்கில் நின்றுவிட்டது.

பழங்குடி ஜனங்களுக்காகத்தானே வந்தாங்க? அந்த ஊழியம் என்ன ஆச்சு?

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. கிரேமர் மொழிபெயர்ப்பாளரோடு காட்டு வழியாக ஒஜிப்வே குடியிருப்புகளுக்குப் போய் வந்தார். பிள்ளைகளைத் தன் வீட்டுக்கே அழைத்து வந்து பள்ளி நடத்தினார். பாடம் நடந்ததும் அங்கேதான், பிள்ளைகள் சாப்பிட்டதும் தூங்கியதும் அங்கேதான். முன்பு சொன்ன டொரோத்தேயா அம்மாள்தான் சமைத்துப் போட்டு, துணி துவைத்து, நோய் வந்தால் கவனித்தவர். ஆண்களின் பெயரே நிறைந்த இந்த வரலாற்றில் அந்த அம்மாளின் உழைப்புக்கு இன்னும் நாலு வரி கூடுதலாக எழுதியிருக்கலாம் என்பது என் ஆதங்கம். 1846-இன் அதே கிறிஸ்துமஸ் காலத்தில் முதல் ஒஜிப்வே பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

1847-இல் எட்வர்ட் ரைமுண்ட் பையர்லைன் என்ற மிஷனெரி வந்து சேர்ந்தார். மறு வருடம், பெமாசிகே என்ற தலைவரின் மக்களிடையே, பைன் ஆற்றங்கரையில், பிராங்கன்மூத்திலிருந்து வெகுதூரம் உள்ளே ‘பெத்தானி’ என்ற மிஷன் நிலையத்தைத் தொடங்கினார். அவர்கள் மொழியைக் கற்றார். எழுத்தும் வாசிப்பும் கற்பிக்க ஒஜிப்வே மொழியில் ஒரு பாடநூல் ஆக்கி 1852-இல் டெட்ராய்டில் அச்சிட்டார். 1853-இல் அவர் போனபின் மீஸ்லர் என்பவர் பொறுப்பேற்றார். 1855-இல் மறுபடியும் ஓர் ஒப்பந்தம். ஒஜிப்வே மக்கள் இசபெல்லா மாவட்டத்துக்கு இடம் மாறினார்கள். மீஸ்லரும் பின்தொடர்ந்து போனார். ஆனால் 1860-கள் முடிவதற்குள் ஊழியம் நின்றுபோயிற்று.

அப்போ வந்த நோக்கம் தோத்துப்போச்சுன்னுதானே அர்த்தம்?

அந்த நோக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், ஆமாம். இதை மழுப்பிச் சொல்வது நியாயமில்லை. ஒஜிப்வே மக்கள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறி வாழ்ந்தவர்கள்: குளிர்காலத்தில் வேட்டை, பனி உருகும்போது மேப்பிள் சர்க்கரை காய்ச்சுதல். பெற்றோர் கிளம்பும்போது பிள்ளைகளும் பள்ளியை விட்டுக் கிளம்புவார்கள். மரத்தை வெட்டி வயலாக்குகிறவனும் அந்தக் காட்டிலேயே வேட்டையாடிப் பிழைக்கிறவனும் எவ்வளவு அன்போடு இருந்தாலும் எத்தனை நாள் அண்டை வீட்டாராக இருக்க முடியும்? லோஹேயின் திட்டத்தில் இந்த முரண் முதலிலிருந்தே இருந்தது என்பது என் எண்ணம். குடியேறியவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் பெருகப் பெருக, யாருக்காக வந்தார்களோ அவர்களுக்கு இடம் சுருங்கியது.

ஒஜிப்வே மக்கள் அழிந்துவிட்டார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு. சாகினா சிப்பிவா மக்களின் அரசு இன்றும் மவுண்ட் பிளெசன்ட் நகரை ஒட்டி இயங்குகிறது.

சபை இருக்கிறது மிசிகன்ல. அப்புறம் ஏன் ‘மிசௌரி சினாட்’னு போட்டிருக்கு?

சினாட் என்பது பல சபைகள் சேர்ந்த திருச்சபை அமைப்பு. கிரேமர் முதலில் மிசிகன் சினாடில்தான் சேர்ந்தார். லுத்தரன் விசுவாச அறிக்கைகளில் அது உறுதியாக இல்லை என்று 1846-இல் விலகினார். 1847-இல் சிகாகோவில் லோஹே அனுப்பிய போதகர்களும், முன்பு சொன்ன சாக்ஸனிக் கூட்டத்தாரும் சேர்ந்து புதிய சினாடைத் தொடங்கினார்கள். சாக்ஸனிக்காரர்கள் மிசௌரியில் இருந்ததால் ‘மிசௌரி, ஒஹாயோ மற்றும் பிற மாநிலங்கள்’ என்று நீளமாகப் பெயர் வந்தது. அது சுருங்கி இன்று மிசௌரி சினாட். பிராங்கன்மூத் அதன் தொடக்ககாலச் சபைகளில் ஒன்று.

அனுப்பி வச்ச லோஹேகூடவே சண்டை வந்துச்சாமே?

வந்தது. போதகர் ஊழியத்தின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் தகராறு. விசுவாசிகள் எல்லாரும் ஆசாரியர்கள், அந்த உரிமையைச் சபை தன் அழைப்பின் மூலம் போதகரிடம் ஒப்படைக்கிறது என்றார் மிசௌரி சினாடின் முதல் தலைவர் வால்தர். ஊழியப் பட்டம் கிறிஸ்துவே நேராக ஏற்படுத்தியது, சபை கொடுத்து வாங்குவதல்ல என்றார் லோஹே. 1851-இல் வால்தரும் வைனெக்கனும் ஜெர்மனிக்கே போய் அவரோடு பேசிப் பார்த்தார்கள். பிளவு நின்றபாடில்லை.

1853-இல் லோஹேயின் பக்கம் நின்ற கிராஸ்மன், டைண்டோர்ஃபர் முதலியோர் சாகினா பகுதியை விட்டு அயோவாவுக்குப் போய், மறு வருடம் அயோவா சினாடைத் தொடங்கினார்கள். பிராங்கன்மூத் மிசௌரியோடு நின்றது. தன்னைப் பெற்றெடுத்த மனிதரைவிட்டுச் சபை பிரிந்து நிற்க நேர்ந்தது. அந்த நாட்களில் அந்தக் குடும்பங்களில் எவ்வளவு மனக்கசப்பு இருந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

இன்னும் ஜெர்மன்ல ஆராதனை உண்டா?

ஜெர்மன் மொழியை விடக்கூடாது என்பது சபை ஒழுங்கிலேயே இருந்தது. தலைமுறை தலைமுறையாக வீட்டில் பிராங்கன் வட்டார வழக்கு, ஆலயத்தில் திருந்திய ஜெர்மன், சந்தையில் ஆங்கிலம் என்று வாழ்ந்தார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மன் பேசுவதே சந்தேகத்துக்கு இடமாயிற்று. மெல்ல மெல்ல ஆங்கிலம் உள்ளே வந்தது. இப்போது எல்லாம் ஆங்கிலம், அதோடு எப்போதாவது ஒரு ஜெர்மன் ஆராதனை. கல்லறைத் தோட்டத்துப் பழைய கற்கள் மட்டும் ஜெர்மன் பேசுகின்றன. ‘ஹியர் ரூட் இன் காட்’ என்று இருந்தால் ‘இங்கே தேவனுக்குள் இளைப்பாறுகிறார்’ என்று பொருள். நம் கல்லறைகளில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று போடுவோமே, அதே வாசகம்.

எங்க ஆம்பூர் சபையும் இதுவும் ஒண்ணா? தரங்கம்பாடி சபை வேறயா?

ஆம்பூர், வாணியம்பாடி, நாகர்கோவில் பக்கத்து இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை மிசௌரி சினாட் ஊழியத்தில் பிறந்தது. ஜெர்மனியின் லைப்சிக் மிஷனிலிருந்து விலகிய நேதர், மோன் என்ற இருவரை வைத்து 1895-இல் கிருஷ்ணகிரியில் தொடங்கினார்கள். ஆம்பூர் கன்கார்டியா பள்ளி, பெதஸ்தா மருத்துவமனை எல்லாம் அந்த வழி வந்தவை. அந்த வகையில் பிராங்கன்மூத் உங்களுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். நீங்கள் கேட்ட தரங்கம்பாடி சபை வேறு. திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தத் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, 1706-இல் சீகன்பால்க் தொடங்கிய ஊழியத்தைப் பிறகு ஏற்று நடத்திய லைப்சிக் மிஷன் வழியாக 1919-இல் உருவானது.

அந்த பையர்லைன் 1853-ல எங்க போனார்?

கடலூருக்கு! கடலூரில் பிறந்த எனக்கு இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. பையர்லைன் மேலே சொன்ன லைப்சிக் மிஷனின் ஆள். முதலில் அவரை இந்தியாவுக்கு அனுப்பத்தான் நினைத்திருந்தார்கள். உடம்பு சரியில்லாமல் போனதால் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஆறு வருடம் ஒஜிப்வே மக்களோடு இருந்தபின் மிஷன் அவரைத் தமிழ்நாட்டுக்கு மாற்றியது. ஒரு மொழியை நாக்கில் வரவழைத்து முடித்தவுடன், அதை விட்டுவிட்டுத் தமிழை அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தார். 1886 வரை, முப்பது வருடத்துக்கு மேல், நம் பக்கத்தில் ஊழியம் செய்தார். தமிழ் நாட்டைப் பற்றி அவர் எழுதிய நூல் 1875-இல் சென்னையில் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

இவ்வளவு வருஷம் கழிச்சு அவருக்கு அந்தக் காட்டு ஜனங்க ஞாபகம் இருந்திருக்குமா?

இருந்தது. ஜெர்மனிக்குத் திரும்பிய பிறகு, முதுமையில், மிசிகன் காட்டில் பெமாசிகேயின் மக்களோடு கழித்த அந்த ஆறு வருடங்களைப் பற்றி ஒரு தனி நூல் எழுதினார். அது ஆங்கிலத்திலும் கிடைக்கிறது.